மணிக்கூண்டும் என் கழுத்தும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை எழுதுவது. கழுத்தைத் தவிர மற்றபடி நான் சுகம். உங்கள் மகளும் சுகம், என்னோடுதான் பேசுவதில்லை. போனில் கூப்பிட்டால் அதையும் பதிவு செய்து ஊருக்கே போட்டுவிடுவீர்கள் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற கையோடு நீங்கள் 'உண்மை விளம்பி' என்று பெயர் வைத்துக்கொண்டு போனில் செய்தி போடுவது உங்கள் இஷ்டம். ஆனால் "மணிக்கூண்டு சாய்கிறது, பத்திரிகை வட்டாரங்கள் பரபரப்பு" என்று திங்கட்கிழமை காலையில் போட்டீர்களே, அதை ஆறாயிரம் பேர் பார்த்ததில் ஏழாவது ஆள் எங்கள் பத்திரிகை ஆசிரியர். "இருபது வருஷமா அதுக்குக் கீழதானே டீ குடிக்கிற? கண்ணு எங்க இருந்துச்சு? சாயங்காலத்துக்குள்ள செய்தி வரலன்னா நாளையிலேர்ந்து ராசிபலன் எழுது" என்று சொல்லிவிட்டார். எங்கள் தொழிலில் இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் எதையும் அச்சில் ஏற்றுவோம். ஓடினேன். கூண்டுக்கு எதிரே முடி வெட்டுபவர், "ஆமா சார், நல்லாவே சாஞ்சிருக்கு" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "காலைல ஒன்பதரைக்கு போன்ல வந்துச்சு, அப்பலேர்ந்து." நகராட்சிப் பொறியாளர் "ஆய்வு நடக்குது" என்றார். எட்டிப் பார்த்தால், பஸ் வளைவில் திரும்பும்போது உள்ளிருந்து நீங்கள் எடுத்துப் பதிவில் போட்ட படத்தை, போன் மேலேயே அடிக்கோல் வைத்து அளந்துகொண்டிருக்கிறார்.

சரி, அந்தப் 'பத்திரிகை வட்டாரம்' யாரென்றாவது பிடிப்போம் என்று போட்டிப் பத்திரிகைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டு, பதினைந்து வருட சிநேகிதத்தை முறித்துக்கொண்டு வீடு திரும்பினேன். உங்கள் மகள் சாவகாசமாகச் சொல்கிறாள்: "அது நீங்கதாங்க. ஞாயித்துக்கிழமை சாப்பிடும்போது அப்பாகிட்ட சொன்னீங்களே." மாமா, உங்கள் வீட்டு ஜன்னல் வழியே பார்த்து நான் சொன்னது, "கழுத்து பிடிச்சதுல மணிக்கூண்டே சாஞ்ச மாதிரி தெரியுது மாமா" என்பது. நீங்கள் கழுத்தை வெட்டிவிட்டு மணிக்கூண்டை மட்டும் போட்டிருக்கிறீர்கள். "உங்கப்பா வாயில பூட்டு போடு" என்று நான் சொன்னதில்தான் வீட்டில் பேச்சு நின்றது.

எனக்கு வேலை போய்விடுமோ என்று நிஜமாகவே பயமாயிருக்கு மாமா. மருந்துக்கடை முகவரியில் கதவு எண் தப்பினாலே மறுநாள் திருத்தம் போடுகிற ஆளுங்க நாங்க. நீங்களும் அந்தப் பதிவை அழிச்சிட்டு ஒரு வரி திருத்தம் போடுங்க. "முற்றிலும் வதந்தி" என்று எழுதி ஆசிரியர் மேசையில் வைத்துவிட்டேன், நாளை வருகிறது.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், பதிவாகப் போடவேண்டாம்.

தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது தகவல் வந்தது. பொறியாளர் ஒருவழியாக நேரில் போய், மேலிருந்து நூலில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாராம். கூண்டு நிஜமாகவே நாலு அங்குலம் சாய்ந்திருக்கிறது. 'வதந்தி'யை மேசையிலிருந்து எடுத்துவிட்டேன். பதிவை அழிக்கவேண்டாம். 'பத்திரிகை வட்டாரங்கள்' என்ற இடத்தில் என் பெயரை முழுசாகப் போடவும், கடிதம் கண்ட உடனே. வரும் வழியில் டாக்டரையும் பார்த்தேன். கழுத்து நேராகத்தான் இருக்கிறதாம்.