என் மகனுக்கு ஓதம் இல்லை

கிறிஸ்துவுக்குள் பிரியமான சம்பந்தி தேவசுந்தரம் அண்ணாச்சி அவர்களுக்கு,

சங்கரன்கோவில் வேதமணி தோத்திரம் சொல்லி எழுதுவது. தேவகிருபையால் இங்கு சுகம் என்று எழுத வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் என் மகன் ரெஜின், உங்கள் மகள் ஜெபிதா கல்யாண ஓலையை வாசிக்க வேண்டாமென்று போதகரிடம் சொல்லிவிட்டீர்களாமே! போனையும் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்.

அண்ணாச்சி, ரெஜினுக்கு ஒரு நோயும் இல்லை. குற்றமெல்லாம் என் தமிழின் மேல். தமிழ் வாத்தியாராக இருந்த கொழுப்பு! நிச்சயதார்த்தப் பந்தியில் உங்கள் மைத்துனர் சாம்ராஜ், "மாப்ள ஏன் இப்பிடி மெலிஞ்சி கெடக்காரு?" என்றார். "எல்லாம் இந்தச் சந்திர ஓதத்தால வந்தது. அஞ்சு வருசமா அதுலயே கெடக்கான்" என்றேன். "அமாவாசை பௌர்ணமிக்குக் கூடுமோ?" "பின்ன? கூடத்தான செய்யும்!" "எங்கன இருக்கு?" "ரொம்ப மேல." மனிதர் பிரியாணியைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார். விஞ்ஞானத்தைக் கேட்டு மலைத்துப்போனார் என்றல்லவா நினைத்தேன்!

அவர் நினைத்தது வேட்டிக்குள் விரை வீங்கும் ஓத நோய். நான் சொன்னது கடல் பொங்கி வடியும் ஓதம். கடலை இழுக்கிற நிலா காற்றையும் இழுக்கிறதாம், தரையில் அது நமக்குத் தெரியாதாம், மேலே போகப்போகக் காற்று மெலிந்து அந்த அலை பெருத்து, நூறு கிலோமீட்டர் உயரத்தில் மின்னேறிய காற்றடுக்கையே ஆட்டிவிடுமாம், அந்த ஆட்டத்தில் இங்கே காந்த ஊசி மயிரிழை அசையுமாம், அதை ஆராய்ச்சி என்று அஞ்சு வருஷமாகப் பார்த்துப் பார்த்துத்தான் என் பிள்ளை இப்படி ஈர்க்குச்சியாகப் போனான். இதற்குள் சாம்ராஜ் சொன்ன நோய் ஊரெல்லாம் பரவி, மருந்துக்கடை துரைப்பாண்டி நடுத்தெருவில் என் கையைப் பிடித்து, "சின்ன ஆப்பரேசன்தான் அண்ணாச்சி, பயப்படாதிய" என்கிறார். என் மனைவி எப்சிபா வெளியே தலைகாட்டுவதில்லை. ரெஜின் சாப்பாட்டைத் தொடுவதில்லை. ஜெபிதா இல்லையென்றால் அவன் உடைந்துபோவான், அண்ணாச்சி. எனக்குப் பயமாக இருக்கிறது.

சனிக்கிழமைக்குள் போதகரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிள்ளை ஜெபிதாவுக்கு எங்கள் ஆசீர்வாதம். கர்த்தர் உங்கள் மனதையும், முதலில் உங்கள் போனையும் திறப்பாராக.

இப்படிக்கு,
வேதமணி

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் ஜெபிதாவே போன் செய்தாள். உங்களிடம் ஓலையை நிறுத்தச் சொன்னது அவள்தானாம். "நோவுன்னா ஆஸ்பத்திரில காட்டிக் கொணமாக்கிரலாம் மாமா. நிச்சயம் ஆனதுலேருந்து அவிய போன்ல நிலா, காத்து, ஊசின்னே பேசுதாவ. சாப்ட்டியான்னு ஒரு வார்த்த கேட்டதில்ல. இதுக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவ?" என்று அழுதாள். ஆகவே அண்ணாச்சி, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். ரெஜினுக்கு ஓதம்தான். முற்றிய ஓதம். ஆப்பரேஷன் செய்து குணமாக்கிவிடுகிறோம் என்று ஜெபிதாவிடம் சொல்லவும்.