எங்கள் வீட்டுக் கலர் டிவி

இந்த வீட்டில் என் சட்டைத் துணியின் நிறத்தையாவது இனி நானே முடிவு செய்வது என்று போன மாதம் சபதம் எடுத்தேன். அப்போது மனைவி கடைக்குப் போயிருந்தாள். அதனால் குரல் கம்பீரமாகவே வந்தது.

திரும்பி வந்தவள் கையில் ஒரு துணிப் பொட்டலம். அவள் தம்பியின் கல்யாண வரவேற்புக்கு எனக்குக் கோட்டு தைக்கத் துணி எடுத்திருக்கிறாளாம். பிரித்தேன். ரோஸ் கலர். லேசான ரோஸ் என்றால் இருட்டு மூலையாகப் பார்த்து நின்று சமாளித்துவிடலாம். இது மூலைக்கே வெளிச்சம் கொடுக்கிற ரோஸ்.

நான் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளன். மூட்டை தூக்குகிறவர்கள் என் செருப்புச் சத்தம் கேட்டாலே சிகரெட்டை மறைப்பார்கள். அத்தனை பேரையும் வரவேற்புக்கு அழைத்திருந்தேன். இந்தக் கோட்டில் என்னைப் பார்த்த பிறகு எவன் மறைப்பான்? என்னிடமே நெருப்பு கேட்பான்.

"எனக்கு நேவி ப்ளூ வேணும்," என்றேன். "நீலம்தான் கௌரவம். கோட்டு மாமா கலர்."

கோட்டு மாமா என்பவர் என் சின்ன வயதில் டிவியில் வாராவாரம் வந்தவர். மேடையில் மேஜிக் செய்வார், மேடைக்குப் பின்னால் திருடனைப் பிடிப்பார். இரண்டுக்கும் ஒரே நீளக் கோட்டுதான். எங்கள் அப்பாவுக்கு அந்தக் கோட்டின் மேல் அப்படி ஒரு பைத்தியம். துணிக்கடையில் கடைக்காரரை ஒரு வழி பண்ணி, அச்சாக அதே நீலத்தில் ஒரு கட்டுத் துணி வாங்கி வந்தார். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் சட்டை, அக்காவுக்குப் பாவாடை, அம்மாவுக்கு ரவிக்கை. மிச்சத்தில் தலையணை உறை. அதன்மேல் நாங்கள் படுத்துவிட்டால் தடவித்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். தெருவில் குடும்பமாக நடந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பெருமையால் எனக்கு நெஞ்சு விரியும்.

இதையெல்லாம் மனைவியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் அப்போதே கலர் டிவி என்பதையும் சேர்த்துத்தான்.

அவள் சண்டை போடவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"சரிங்க. கோட்டு மாமா போட்ட கலர்லயே உங்களுக்குத் தைச்சிடலாம். போட்டுப்பீங்களா?"

"போட்டுப்பேன்."

"எந்தக் கலரா இருந்தாலும்?"

"நேவி ப்ளூதானே."

"அப்படி இல்லங்க. எந்தக் கலரா இருந்தாலும்னு சொல்லுங்க."

சொன்னேன். உள்ளறையில் இருந்த தன் அம்மாவைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்ல வைத்தாள். எதிர்வீட்டுப் பல் டாக்டர் எதற்கோ வந்தார். அவர் முன்னாலும் சொன்னேன். தோற்கப் போகிறவள் தானே சாட்சிக்கு ஆள் சேர்க்கிறாளே என்று அவளுக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன்.

அந்தப் பழைய தொடர் இப்போது இணையத்தில் கிடைக்கிறது என்று மகள் கண்டுபிடித்துச் சொன்னாள். விடுமுறை நாள் காலையில் அதை டிவியில் போட்டாள். மாமியார், பல் டாக்டர் எல்லாரும் ஆஜர். அதே இசை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையில் புகை கிளம்பியது. புகைக்குள்ளிருந்து கோட்டு மாமா வந்தார்.

ரோஸ் கலரில் வந்தார்.

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"டிவில ஏதோ கோளாறு," என்றேன். மகள் ரிமோட்டை எடுத்து என்னென்னவோ அழுத்திப் பார்த்தாள். மேடையில் இருந்த செடியின் இலை பச்சையாக இருந்தது. மேடைத் திரை சிவப்பாக இருந்தது. கோட்டு மட்டும் மாறவே இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த பிளாஸ்டிக் தாள் ஞாபகம் வந்தது. எங்களுடையது கறுப்பு வெள்ளை டிவி. அப்பா ஒருநாள் கடையிலிருந்து நீல பிளாஸ்டிக் தாள் ஒன்றை வாங்கி வந்து முன்னால் மாட்டி, "இன்னிலேருந்து நம்ம வீட்ல கலர் டிவி," என்று அறிவித்தார். கலர் டிவிதான். ஒரே ஒரு கலர். கோட்டும் நீலம், திருடனும் நீலம், செய்தி வாசித்த அம்மாளும் நீலம். என் வகுப்புப் பையன் ஒருவன் அது ரோஸ் கோட்டு என்று சொன்னதற்காக, அவனுக்குக் கண்ணில் கோளாறு என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பினேன். தெருவில் எங்களைத் திரும்பிப் பார்த்தவர்கள் எதற்குப் பார்த்தார்கள் என்பது இப்போது புரிந்தது. இத்தனை வருஷம் கழித்து, சோபாவில் உட்கார்ந்தபடி, எனக்குக் காது வரை சுட்டது. அப்பாவை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருந்தது. அவரை நினைத்து வெட்கப்படுகிறோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

எல்லாரும் போன பிறகு சமையலறைக்குப் போனேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எங்க வீட்லயும் பாத்தோமே. எங்க டிவில எல்லாக் கலரும் தெரியும்."

"எங்க வீட்டு டிவி பத்தி?"

"கல்யாணமான புதுசுல, எங்க வீட்ல அப்பவே கலர் டிவி, கோட்டு மாமாவுக்கு நீலக் கோட்டுன்னீங்களே. அன்னிக்கே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எப்பவாவது உதவும்னு வச்சிருந்தேன்," என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

கோட்டு தைத்து வந்தது. எங்காவது இறுக்கிப் பிடிக்கும், அதைச் சாக்கு வைத்துக் கழற்றிவிடலாம் என்று பார்த்தேன். பாழாய்ப்போனது கச்சிதமாக இருந்தது. வரவேற்பு நாளன்று அதை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். பல் டாக்டர் பார்த்துவிட்டு, பல் தெரியாமல் சிரிக்க மிகவும் பாடுபட்டார். போகட்டும், குடும்பமே ரோஸாக வந்தால் கூட்டத்தோடு கூட்டமாகத் தப்பிக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

உள்ளறைக் கதவு திறந்தது. மனைவி, மகள், மாமியார் மூன்று பேரும் வரிசையாக வந்தார்கள். மூன்று பேரும் நேவி ப்ளூ.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி என் ரோஸ் காலரைச் சரிசெய்தாள்.

"நீங்கதானே சொன்னீங்க, நீலம்தான் கௌரவம்னு. வீட்ல மத்தவங்களாவது கௌரவமா தெரிய வேணாமா?"