கடைசிப் பெட்டிக்குக் காத்திருந்த பச்சைக்கொடியார்

மலாயாவில் தண்டவாளம் இல்லாத சாலையிலும் ரயில் ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பச்சைக்கொடியார்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும் என்பது என் சந்தேகம். ரயிலில் கார்டாக இருந்தவர். நேரில் "கார்டையா" என்போம், முதுகுக்குப் பின்னால் பச்சைக்கொடியார் என்போம். கித்தா, அதாவது ரப்பர், விலை படுத்துவிட்ட காலத்தில் ரயிலில் ஆட்களைக் குறைத்தார்கள். கார்டையாவையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை போனதே தவிர கார்டு போகவில்லை. அதே வெள்ளைக் கோட்டு, அதே விசில், அதே விறைப்பு. கோட்டில் இருந்த ரயில் முத்திரைப் பொத்தான்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார்களாம். அந்த இடத்தில் பைஜாமா பொத்தான்களைத் தைத்துக்கொண்டார். கொடியையும் பிடுங்கிக்கொண்டதால் ஊரிலிருந்து மனைவியின் பழைய பச்சைச் சேலை ஒன்றை வரவழைத்துக் கிழித்துக் கொடியாக்கினார். மலாயாவிலேயே சரிகைக் கரை போட்ட பச்சைக்கொடி அது ஒன்றுதான்.

வேலை போன கையோடு அவர் ஆரம்பித்ததுதான் ஞாயிற்றுக்கிழமை பஸ் பயணம். காலையில் பிரிக்பீல்ட்ஸில் ஏறினால் கிள்ளான் கோட்டை, சுல்தான் அரண்மனை, கோலாலம்பூர் ஆற்றோரப் பள்ளிவாசல், கடைசியில் பத்துமலை. எல்லா இடத்துக்கும் விளக்கம் சொல்லி, பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து விட்டுவிடுவார். பஸ் நானாவுடையது. நானா நாகூர்க்காரர், அவரேதான் டிரைவர்.

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு என்றால், பத்துமலைக்காகத்தான். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் ஸ்பெஷல் ரயிலில் பத்துமலைக்கு ஜனங்களைக் கொண்டுபோய்க் கொட்டியவர் அவர். ஆனால் ஒரு தடவைகூடப் படியேறி மேலே போய்ச் சாமியைப் பார்த்ததில்லை. கார்டு வண்டியை விட்டு நகரக் கூடாதாம். "சரி, மற்ற நாளில் போயிருக்கலாமே?" என்று நான் கேட்டேன்.

"ஊர் ஜனத்தையெல்லாம் கொண்டுவந்து விட்டுட்டு நான் மட்டும் தனியா வந்து பார்க்கறதா? என் பிரயாணிங்களோட போய்க் கும்பிடணும் தம்பி. அதான் ஆசை" என்றார்.

நல்ல ஆசைதான். ஆனால் பஸ் பயணம் ஆரம்பித்த பிறகும் அவர் மேலே போகவில்லை. ஜனங்கள் ஏறுவார்கள், இவர் கீழே பஸ் பக்கத்தில் கொடியோடு நிற்பார். வேலை போனாலும் ரூல் போகவில்லை. இப்படியே பல ஞாயிறுகள் ஓடிவிட்டன. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், அடுத்த வாரம் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் என்ற நிலையில் அவர் கடைசியாக ஒரு பயணம் போட்டார். அதில்தான் நான் போனேன். இந்தத் தடவையும் சாமியைப் பார்க்காமல் போனால் இனி எந்த ஜன்மத்தில் பார்ப்பது என்று பிரிக்பீல்ட்ஸே கவலைப்பட்டது.

பஸ்ஸில் ஏறும்போதே வாத்தியாருக்கும் அவருக்கும் தகராறு. தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அவர். "விளக்கம் சொல்றவர் முன்னாலதானே நிக்கணும்?" என்று கேட்டுவிட்டார்.

"கார்டோட இடம் பின்னால. எஞ்சின்ல கார்டு நின்னு நீங்க பார்த்திருக்கீங்களா?"

வாத்தியார் போய் உட்கார்ந்துவிட்டார். பச்சைக்கொடியார் பின்வாசல் படியில், பின்பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டார். இதில் என்ன சங்கடம் என்றால், எந்த இடமாக இருந்தாலும் அது கடந்துபோன பிறகுதான் அவர் கண்ணில் படும்.

"அதோ போகுது பாருங்க! அதான் பெரிய கித்தாத் தோட்டம்!"

எல்லோரும் கழுத்தைத் திருப்புவோம். தோட்டம் போயிருக்கும்.

"அடடா, போயிடுச்சே, அதான் சுல்தான் அரண்மனை!"

மறுபடி திருப்புவோம். கிள்ளான் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கழுத்து பிடித்துக்கொண்டது. மங்களம் அக்கா மட்டும் சாமர்த்தியமாக ஆரம்பத்திலேயே பின்பக்கம் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். அவர் ரயில்வே கேட்காரர் ஆறுமுகத்தின் மனைவி. புருஷனுக்கு அன்று டியூட்டி என்பதால் தனியாக வந்திருந்தார். தனியாக என்றால், அண்டா நிறையப் புளிச்சாதத்தோடு.

கிள்ளானில் பஸ் நின்றது. நான் லேசாகக் கண்ணசந்திருந்தேன். காதருகே விசில் அடித்தது பாருங்கள், என் உயிர் ஆற்றுக்கு அக்கரை போய்த் திரும்பி வந்தது.

"வண்டி நின்ன பிறகும் உட்கார்ந்திருக்கிறவன் பிரயாணி இல்ல தம்பி, பார்சல். இறங்குறீங்களா, போர்ட்டரைக் கூப்பிடவா?"

இறங்கினேன். அன்று முழுக்க என்னைப் "பார்சல் தம்பி" என்றே கூப்பிட்டார்.

குன்றின் மேல் பழைய ராஜா ஒருவர் கட்டிய கோட்டை இருந்தது. கோட்டை என்றால் மண்மேடும் ஒரு வாசலும்தான். அதன் முன் நின்று பச்சைக்கொடியார் தொண்டையைக் கனைத்தார்.

"இந்த ராஜா சண்டையில ஏன் தோத்தார்? யாராச்சும் சொல்லுங்க பார்ப்போம்."

வாத்தியார் சரித்திரம் சொல்ல வாயெடுத்தார். அவர் விடவில்லை.

"அந்தக் காலத்துல கம்பிச்சடக்கு கிடையாது, தண்டவாளமே கிடையாது. ரயில் இருந்திருந்தா காலை வண்டியிலேயே சோறும் ஆளும் வந்து இறங்கியிருக்கும். ஒரு கூட்ஸ் வண்டி இல்லாம ஒரு ராஜ்யமே போச்சு!"

சொல்லிவிட்டுக் கொடியைத் தாழ்த்திப் பிடித்தார். அந்த ராஜாவுக்காக அவ்வளவு வருத்தப்பட்டவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

திரும்பி ஏறினோம். அங்கேதான் வினை வந்தது. ரயிலில் கார்டு பிளாட்பாரத்தில் நின்று பச்சை காட்டுவார். வண்டி மெல்ல நகரும். ஒவ்வொரு பெட்டியாகக் கடந்துபோய்க் கடைசிப் பெட்டி தன் பக்கத்தில் வரும்போது அவர் அலுங்காமல் தொற்றிக்கொள்வார். பஸ்ஸிலும் அதே முறைதான். டிரைவர் கண்ணில் படும்படி முன்னால் நின்று கொடி காட்டுவார். நானாவின் பழைய எஞ்சின் இருமிச் செருமி மெல்ல நகரும், பின்படி பக்கத்தில் வந்ததும் ஏறிக்கொள்வார். ஆனால் அந்த வாரம் நானா எஞ்சினை மாற்றியிருந்தார். காலைக் குளிரில் அடக்கமாகக் கிளம்பிய புது எஞ்சின் இப்போது நன்றாகச் சூடேறியிருந்தது.

விசில் ஊதியது. கொடி அசைந்தது. பஸ் சிட்டாகப் பறந்தது. உள்ளே நாங்கள் புளிச்சாதத்தில் மும்முரமாக இருந்தோம். வெகுதூரம் போன பிறகு வாத்தியார்தான் கழுத்தைத் தடவிக்கொண்டு, "என்னமோ குறையுதே, கழுத்து வலிக்கலையே!" என்றார். திரும்பிப் பார்த்தோம். பின்படியில் யாரும் இல்லை.

நானா பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு ஓடினார். மனிதர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கொளுத்துகிற வெயிலில், நீட்டிய கை நீட்டியபடி, சரிகைக் கொடியோடு. சுற்றிலும் ஒரு சின்னக் கூட்டம். ஐஸ் விற்கும் சீனர் ஒருவர் வியாபாரத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் கார்டையா ஏறல?" என்றார் நானா.

"கடைசிப் பெட்டி வரலையேப்பா."

"பஸ்ஸுக்கு ஏது கார்டையா அத்தனை பெட்டி? மொதலும் இதான், கடைசியும் இதான்."

பச்சைக்கொடியார் பஸ்ஸை முன்னும் பின்னும் ஒரு முறை பார்த்தார். கொடியைச் சுருட்டினார். ஏறிக்கொண்டார். வெகுநேரம் ஒரு விளக்கமும் வரவில்லை. வழியில் எத்தனையோ தோட்டங்கள் போயின. ஒன்றையாவது "போயிடுச்சே" என்று சொல்லுவாரா என்று காத்திருந்தோம். எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கார்டு இல்லாமல் ஒரு வண்டி போய்விட்டதே என்ற அவமானம் அவருக்கு.

ஆற்றோரப் பள்ளிவாசலில் நானா முந்திக்கொண்டார். "பள்ளிவாசலைப் பத்தி நான் சொல்றேன், நீங்க கொடியைப் பாத்துக்குங்க." அழகாகவே சொன்னார். முடித்ததும் பச்சைக்கொடியாரால் தாங்க முடியவில்லை. பள்ளிவாசலை ஒட்டி இரண்டு ஆறுகள் சேரும் இடத்தைக் காட்டி, "ஜங்ஷன்" என்றார். ஒரே ஒரு வார்த்தை. எங்களுக்கு உயிர் வந்தது.

செந்தூல் தாண்டிப் பத்துமலைக்குப் போகும் வழியில் ஒரு ரயில்வே கேட். அதைக் கண்டதும் பழைய உற்சாகம் முழுவதும் திரும்பிவிட்டது.

"இந்த கேட்டுலதான் முன்னாடி நம்ம ஆறுமுகம் இருந்தாரு. மத்தவனெல்லாம் கொசு விரட்டற மாதிரி கொடியை ஆட்டுவான். ஆறுமுகம் பிடிச்சா, காத்துல கொடி ஆடும், கை ஆடாது! ஸ்பெஷல்ல வரும்போதெல்லாம் பின்னால நின்னு பார்ப்பேன். அப்படி ஒரு கை இந்த லைன்லயே கிடையாது."

மங்களம் அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"என்னம்மா சிரிப்பு? உங்க வீட்டுக்காரரைத்தானே சொல்றேன்."

"சொல்லுங்க, சொல்லுங்க. கேட்டா சந்தோஷப்படுவாரு."

பத்துமலை அடிவாரத்தில் பஸ் நின்றது. குகை வரைக்கும் செங்குத்தாக மரப்படிகள். எல்லோரும் இறங்கினோம். பச்சைக்கொடியார் பஸ்ஸின் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"கார்டையா, இன்னிக்காவது வாங்க" என்றேன்.

"வண்டியில ஜனங்க சாமான் கிடக்கு. மாத்தி விட ரிலீஃப் ஆள் வராம கார்டு வண்டியை விட்டுப் போகக் கூடாது தம்பி."

"நான் பார்த்துக்கறேன்" என்றார் நானா.

"டிரைவர் டிரைவர்தான், கார்டு கார்டுதான்."

"நான் பார்த்துக்கறேனே" என்றார் வாத்தியார்.

"நீங்க பிரயாணி."

"அடுத்த வாரம் கப்பல் ஏறப்போறீங்க!" என்று கத்தியே விட்டேன்.

அவர் படிகளை அண்ணாந்து பார்த்தார். "தெரியும் பார்சல் தம்பி. எனக்காகவும் ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்க" என்றார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு எங்களில் யாருக்கும் ஏறக் கால் வரவில்லை. ரூலைப் போட்டவன் எவனோ, அவன் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

முதல் படியில் கால் வைத்திருந்த மங்களம் அக்கா விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

"கொடியைக் கொடுங்க."

"எதுக்கும்மா?"

"நான்தான் ரிலீஃப்."

"விளையாடாதீங்க. பொம்பளைங்க எப்படி..."

"அந்த கேட்டுல கை ஆடாதுன்னு சொன்னீங்களே, அது யாரு கைன்னு நினைச்சீங்க? எங்க வீட்டுக்காரருக்குப் பாதி நாள் மலேரியா. மீதி நாள் தூக்கம். அவரு கோட்டைப் போட்டுக்கிட்டு, அவரு முண்டாசைக் கட்டிக்கிட்டு, ஸ்பெஷலுக்குக் கொடி பிடிச்சதெல்லாம் நான்தான்."

பச்சைக்கொடியார் அக்காவின் கையையே உற்றுப் பார்த்தார். பிறகு, "காட்டுங்க பார்ப்போம்" என்று கொடியை நீட்டினார்.

அக்கா வாங்கினார். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கையை நீட்டினார். மலையிலிருந்து நல்ல காற்று. கொடி படபடத்தது, சரிகை மின்னியது. கை ஆடவில்லை.

பச்சைக்கொடியார் விறைத்து நின்று வலது கையை உயர்த்தினார். ரயிலின் பின்னால் நின்று அந்த கேட்டுக்கு அத்தனை வருஷமாக அவர் காட்டிய பதில் மரியாதை அது. அப்புறம் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

"சார்ஜ் கொடுத்தேன்."

"எடுத்துக்கிட்டேன். லேட் பண்ணாம போங்க."

ஏறினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கொஞ்சம் ஏறுவார், சந்தேகத்தோடு திரும்பிக் கீழே பார்ப்பார். கீழேயிருந்து பச்சைக்கொடி காட்டும். மறுபடி ஏறுவார். நாங்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால் வந்தோம். அவரை முந்திப் போக யாருக்கும் மனம் வரவில்லை.

குகைக்குள் சாமி முன்னால் வெகுநேரம் கைகூப்பி நின்றார். கடைசியில் மெதுவாக, மேலதிகாரியிடம் சொல்வது போல, "லேட்டாயிடுச்சுப்பா. லைன் கிளியர் கிடைக்கல" என்றார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் துடைப்பதற்குக் கண்ணாடி இல்லை, கண்ணையே துடைத்துக்கொண்டேன்.

கீழே வந்ததும் கொடிக்குக் கையை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. "என் சார்ஜ் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும். பிரயாணிங்க எல்லாம் உள்ள ஏறுங்க." நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அவர் சாதுவாக ஏறி, நானாவுக்குப் பின்னால் ஜன்னலோரத்தில் முன்னால் பார்த்து உட்கார்ந்தார். அக்கா பச்சை காட்டினார். கடைசிப் பெட்டிக்கெல்லாம் காத்திராமல் உடனே தாவி ஏறியும் கொண்டார்.

கொஞ்ச தூரத்தில் பச்சைக்கொடியார் என் கையைப் பிடித்தார். "தம்பி, எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே தெரியுதே!" என்றார். முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம். செந்தூல் கேட் வரும் வரை பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் வந்தது. நானா ஹார்ன் அடிக்காமல் ஓரமாக நிறுத்தினார். அக்கா விசிலை வாயருகே கொண்டுபோய், ஊதாமல் இறக்கிக்கொண்டார். கார்டையா தானாக எழுந்திருக்கட்டும் என்று, வண்டி நின்ற பிறகும் நாங்கள் அத்தனை பேரும் பார்சல்களாக உட்கார்ந்திருந்தோம்.