மூன்றாம் படிக்கு ஒரு பன்

பயிற்சி முகாமுக்குப் போய்வந்த தலைமையாசிரியரின் கண்ணில் ஒரு வாரத்துக்குப் படாமல் இருப்பது பள்ளிக்கூடத்துக்கு நல்லது. கேட்டு வந்ததை எல்லாம் அன்றைக்கே செய்து பார்த்துவிடத் துடிப்பார். நானும் துடித்தேன்.

நீலகிரியில் எமரால்டு பக்கம், பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த காலம் அது. என் பள்ளியில் பாதிப் பேர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். வாசிப்பு தேறாவிட்டால் எங்கள் பள்ளியைக் கீழே இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடப் போவதாகக் கல்வி அதிகாரி சொல்லியிருந்தார். சேர்த்தால் இந்தப் பொடிசுகள் காட்டெருமை நிற்கும் பாதையில்தான் தினமும் நடக்க வேண்டும்.

நான் கொண்டுவந்த திட்டத்துக்கு மூன்று படி. முதல் படி, எல்லோருக்கும் பொதுவான பாடம். தடுமாறுகிறவர்களுக்குச் சின்னக் குழு, அது இரண்டாம் படி. அதிலும் தேறாதவர்கள் மூன்றாம் படி. அவர்களுக்கு என் அறையில் தனித்தனியே நானே சொல்லிக் கொடுப்பேன். (கோயம்புத்தூர்க்காரி, குளிர் தாங்காமல் அறையில் கரியடுப்பு வைத்திருந்தேன். பிள்ளைகள் சோர்ந்துவிடக் கூடாதே என்று ஆளுக்கொரு பன்னும் டீயும் வேறு.)

ஆடி மழை பிடித்தது. முதல் படிப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சறுக்கினார்கள். வகுப்பிலேயே கெட்டிக்காரியான மல்லிகாகூட “அ... ம்... மா” என்று இழுத்தாள்.

“ஏனுங்க டீச்சர், நீங்க சொல்லிக் குடுக்கக் குடுக்கப் பசங்க மக்காயிட்டே போறாங்களே?” என்றார் உதவி ஆசிரியர் ராஜு.

“இத்தன நாளா மறைஞ்சிருந்த குறையெல்லாம் இப்பத்தானுங்க சார் வெளிய வருது” என்றேன். அதையும் பெருமையாகச் சொன்னேன் பாருங்கள்!

அதிகாரி வந்த அன்று வகுப்பறை காற்றாடியது. என் அறையில் கால் வைக்க இடமில்லை. அவர் மல்லிகாவிடம் புத்தகத்தை நீட்டினார். முதல் சொல்லிலேயே முட்டிக்கொண்டு நின்றாள். பள்ளி போச்சு என்றே நினைத்தேன்.

“ஆண்டு விழாவுல மேடையேறிக் கட்டுரை படிச்ச புள்ளதான நீ?” என்றார் அதிகாரி.

மல்லிகா அழுதுவிட்டாள். “நல்லாப் படிச்சுப்போட்டா இந்த ரூம்ல ஒக்கார வெக்க மாட்டாங்க சார். பன்னு கெடைக்காது. ஊட்டுல தம்பி பாத்துட்டே இருப்பானுங்க.”

அவள் ஸ்வெட்டர் பைக்குள் பாதி பன் இருந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அடுப்பை வகுப்புக்குத் தூக்கிட்டுப் போங்க. எல்லாருக்கும் பன்னக் குடுத்துட்டு, அப்புறம் படிக்கச் சொல்லுங்கம்மா.”

படித்தார்கள்! மல்லிகாவை நிறுத்த அதிகாரி “போதும் கண்ணு” என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. ஆக, என் திட்டம் பலித்திருந்தது; தேறியவர்கள்தான் அது எனக்குத் தெரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். நிஜமாகவே தடுமாறிய சிலருக்கு மூன்றாம் படி தொடர்ந்தது. பன் மட்டும் எல்லாப் படிக்கும் பொதுவானது. பள்ளியும் பிழைத்தது.

இன்றும் என் கணவர் இரண்டாவது வடை வேண்டுமென்றால் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்து “அ... ம்... மா” என்று எழுத்துக் கூட்டுவார். “அப்பா மூணாம் படிக்கு வந்துட்டாரும்மா” என்பாள் மகள். நானும் சிரித்துக்கொண்டே வைப்பேன். ஆனால் பன் வாங்கும் நாளில் யாராவது பாதியைப் பிட்டு எடுத்துவைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.