உப்புக்குப் பயந்த உருமாறி

மூன்று நாளாக மனைவி திட்டவில்லை. நூலகர் சோதனையில் இறங்கினார்.

ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுப் பார்த்தார். அவளே எடுத்துக் காயப்போட்டாள். குழாயைச் சொட்டவிட்டுப் பார்த்தார். அவளே வந்து மூடினாள். போகிற போக்கில் ஒரு புன்னகை வேறு. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இப்படி ஒரு புன்னகையை அவர் பார்த்ததில்லை.

இது அவள் இல்லை என்று முடிவு கட்டினார்.

சந்தேகத்துக்குக் காரணம் சனிக்கிழமை. மாமியார் அடுத்த தெருவில் மூன்றாம் மாடிக்குக் குடிபோனார். அவருடைய இரும்பு பீரோவை ஒரு பக்கம் மச்சான், மறுபக்கம் நூலகர் தூக்குவதாகப் பேச்சு. "நூலகத்துல புத்தகக் கணக்கெடுப்பு, தலைக்கு மேல வேலை" என்று சொல்லிவிட்டு, நூலகர் நேராகத் தியேட்டருக்குப் போய்விட்டார். ஆளை அடித்து, அந்த ஆளின் உருவத்திலேயே வீட்டுக்குள் வரும் உருமாறியைப் பற்றிய பேய்ப்படம்.

பயமே வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. படம் முழுக்கப் பிழை. தன் கல்யாணப் பத்திரிகையிலேயே எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில் திருத்தி மாமனாருக்குத் திருப்பி அனுப்பிய மனிதர் அவர். எப்படிப் பொறுப்பார்? யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். சொன்னால் பீரோ விஷயம் வெளியே வரும். தொண்டையில் முள் சிக்கியதுபோல் தவித்தார்.

திங்கட்கிழமை நூலகத்தில் பழங்கதைப் புத்தகங்களைப் புரட்டினார். உருமாறி எத்தனை உருவம் எடுத்தாலும், மாறாத அடையாளம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்குமாம். ஒரு கதையில் வால். ஒரு கதையில் பின்பக்கம் திரும்பிய பாதம். ஒரு கதையில் பழைய உருவத்தின் நிழல்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் பாதத்தைப் பார்த்தார்.

"என்னங்க, காலையே பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் ஜன்னல் பக்கம் வாயேன்."

"எதுக்கு?"

"வெளிச்சம் நல்லா இருக்கு."

"இத்தனை வருஷமா என்னை இருட்டுலதான் பாத்தீங்களா?"

வந்து நின்றாள். நிழலுக்கு இரண்டு கால்தான். கை இடுப்பில் இருந்தது. இடுப்பில் கையைப் பார்த்ததும் நூலகருக்குப் பாதி உயிர் வந்தது. ஆனாலும் அவள் திட்டவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு நர்ஸ் வந்தாள். இருவரும் டீயோடு உட்கார்ந்தார்கள். நூலகர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"ஏதோ உருமாறிப் படமாமே, பாத்தியா?" என்றாள் மனைவி.

"பாத்தேன்க்கா."

"ஒரு தப்புகூட இல்லாம எடுத்திருக்காங்களாமே. கடைசி வரைக்கும் நாலு கால் நிழலாம்."

செய்தித்தாள் லேசாக ஆடியது.

"ஆமாக்கா. பழைய கதையில இருக்கற மாதிரியே எடுத்திருக்காங்க."

"உப்புன்னா பயமாம். கடைசி வரைக்கும் உப்பு பக்கமே போகலையாம்."

"கடல்ல குளிக்குதே" என்றது செய்தித்தாள்.

"என்னங்க?"

"உப்புக்குப் பயந்த உருமாறி, இடைவேளைக்கு அப்புறம் கடல்ல இறங்கிக் குளிக்குது. நிழலுக்கு நாலு கால் போய் ரெண்டு கால் ஆயிடுது. எந்த உருவம் எடுத்தாலும் ஒண்ணு மாறாதுங்கறதுதான் உருமாறிக் கதைக்கே ஆதாரம். அதுகூடத் தெரியாம..."

பத்து நிமிஷம் பேசினார். எந்தக் கதை எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுவரை சொன்னார். முள் இறங்கிவிட்டது. அப்போதுதான் எதிரே பார்த்தார். நர்ஸ் டீ கிளாஸின் அடியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

மனைவி சர்க்கரை டப்பாவின் அடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"துவைக்கும்போது உங்க சட்டைப் பையில இருந்துச்சு. சனிக்கிழமை, மதியக் காட்சி."

"தெரிஞ்சுமா திட்டாம இருந்தே?"

"திட்டியிருந்தா, யாரோ புத்தகத்துக்குள்ள வச்சிட்டுப் போன டிக்கெட்டுன்னு சொல்லியிருப்பீங்க."

அதே வாக்கியத்தைத்தான் அவர் தயாராக வைத்திருந்தார்.

"கணக்கெடுப்புக்குப் போற வேஷம் நல்லாத்தான் பொருந்துச்சு" என்றாள். "ஆனா ஒண்ணு மாறாதுன்னு இப்ப நீங்களே சொன்னீங்களே. தப்பைக் கேட்டா உங்க வாய் சும்மா இருக்காது."

நூலகர் நர்ஸைப் பார்த்தார். "நீயும் கூட்டா?"

"அண்ணே, நான் கடல்ல குளிக்கும்போதே எழுந்து வந்துட்டேன்."

கடைசி நம்பிக்கையாக மனைவி பக்கம் திரும்பினார். "எப்படியோ, பீரோ மேல போயாச்சில்ல?"

"எங்க? உங்களுக்காகக் கீழயே காத்துக்கிட்டிருக்கு. சும்மா நிக்குதேன்னு அம்மா பாத்திரத்தையெல்லாம் அதுக்குள்ளயே அடுக்கிட்டாங்க."