மாமனாரின் தாடை எலும்பு

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவன் யாரையும் நம்ப மாட்டான். கோயிலில் திருநீறு கொடுத்தால்கூட இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பூசுவான். வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் எனக்கு அந்த வேலைதான். துணியை விரலிடுக்கில் பிடித்தாலே கனத்தைச் சொல்லிவிடுவேன் என்று திமிர் வேறு.

கல்யாணம் பேசி முடித்திருந்த சமயம். என் முன்பற்கள் எப்போதும் எனக்கு முன்னால் போய்ச் சேரும். கல்யாண போட்டோ எடுப்பதற்குள் அவற்றை உள்ளே தள்ளிவிடலாம் என்று ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் பல்லைவிட என் முகத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு நீள முகம்ங்க. இந்த அமைப்பு இருக்கறவங்களுக்குக் கீழ் முன்பல்லைச் சுத்தி எலும்பு மெல்லிசா இருக்க வாய்ப்பு அதிகம். அவசரமாத் தள்ளுனா பல்லு எலும்பை விட்டே வெளிய வந்துரும். ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுக் கம்பி போடலாம்."

"அப்ப உருண்டை முகத்துக்குங்க?"

"பெரும்பாலும் தடிமனா இருக்கும்ங்க."

(முகத்தைப் பார்த்து எலும்பைச் சொல்ல இது என்ன ஜோசியமா?) ஸ்கேன் சென்டர் அவர் வீட்டுக்காரருடையதாகத்தான் இருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். "யோசிச்சுச் சொல்றனுங்க" என்று எழுந்து வந்தேன்.

ஆனாலும் மனசு அரித்தது. எங்கள் தொழிலில் ஒரு லாட் சரக்கு முழுவதையும் பிரித்துப் பார்க்க மாட்டோம். சில பீஸ்களை எடுத்துப் பார்த்தே பாஸ் பண்ணுவோம். அதே முறையில் டாக்டரம்மாவையும் செக் பண்ண நினைத்தேன். என் தாடையை நானே பிடித்துப் பார்த்தேன். ஒப்பிட உருண்டை முகத்தில் ஒரு பீஸ் வேண்டுமே!

நிச்சயதார்த்தத்தன்று அந்த பீஸ் எனக்கு எதிரிலேயே வந்து உட்கார்ந்தது. பெண் சுதாவின் அப்பா! தட்டு மாற்ற அவர் குனிந்தபோது என் கை தானாக நீண்டது. "ஒரு நிமிஷம் மாமா" என்று தாடையைப் பிடித்து, துணியைப் பார்ப்பதுபோல விரலால் உருட்டினேன்.

மண்டபமே எங்களைத் திரும்பிப் பார்த்தது. நம் ஊரில் தாடையைப் பிடித்தால் கெஞ்சுகிறான் என்று அர்த்தம். அது எனக்கு உறைத்தபோது கை இன்னும் அவர் தாடையில்தான் இருந்தது.

"மாப்பிள்ளை என்னமோ கெஞ்சறாரே, காருங்களா?" என்றார் சுதாவின் பெரியப்பா.

"காருன்னா வாயைத் தொறந்து கேப்பாங்க. கண்ணாலமே வேண்டாங்கறாரு போல. மனசுல வேற புள்ள இருக்குது" என்றார் சுதாவின் அத்தை.

சுதாவின் முகம் வெளுத்துவிட்டது. பதறிப்போய்க் கையை எடுத்தேன். அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"ஐயோ, இல்லீங்க! மாமா எலும்பு எத்தனை தடிமன்னு பாத்தனுங்க!"

அவ்வளவுதான். இப்போது என் மூளையின் மேலேயே எல்லோருக்கும் சந்தேகம். என் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பெரியப்பா தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நான் தட்டுத்தடுமாறி டாக்டரம்மா சொன்னதைச் சொல்லி முடித்தேன். சுதா எழுந்து வந்தாள். "அந்த டாக்டர் நம்பரைக் குடுங்க" என்று வாங்கி, போனை ஸ்பீக்கரில் போட்டு, எல்லார் முன்னாலும் விசாரித்தாள்.

"முகத்துக்கும் எலும்புக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொன்னது நெசம்தானுங்க" என்றார் டாக்டரம்மா. "ஆனா ஸ்கேன்லதான் தெரியும்னும் சொன்னேன். மாமனாரைப் புடிச்சுப் பாக்கச் சொல்லலீங்களே!"

முதலில் சிரித்தவர் மாமாதான். அப்புறம் தட்டு மாறியது.

அந்த வாரமே ஸ்கேன் எடுத்தேன். எலும்பு மெல்லிசுதான். (ஸ்கேன் சென்டருக்கும் டாக்டரம்மாவுக்கும் சம்பந்தமில்லை, அதையும் விசாரித்துவிட்டேன்.) பல்லை மெதுவாகத்தான் நகர்த்த முடியும் என்றதால், கல்யாண ஆல்பம் முழுக்கக் கம்பி தெரியாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறேன்.

எங்கள் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவளை முதலில் வாங்கியவர் மாமா. சொந்தக்காரர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, குழந்தையின் தாடையை இரண்டு விரலால் பிடித்து உருட்டினார்.

"உருண்டை மொகம். எலும்பு கெட்டி. பாஸ்!" என்று அறிவித்துவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "உங்கொப்பன் பக்கத்துல வந்தா மட்டும் தாடையை மூடிக்க கண்ணு."