பள்ளத்தில் இருக்கும் ஹில் ரோடு

கோலாலம்பூரில் இதுவரை வழி தவறியவர்கள் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி, "யாரால் இந்தக் கதி?" என்று கேட்டால், பாதிப்பேர் சங்கிலி அண்ணனைத்தான் கைகாட்டுவார்கள். மீதிப்பேர் இன்னும் பிரிக்பீல்ட்ஸில் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருப்பதால் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டார்கள்.

சர்வே ஆட்களுடன் காடுமேடெல்லாம் அளவுச் சங்கிலி இழுத்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால், "அது இப்ப எதுக்கு?" என்பார். நான் பார்த்த காலத்தில் அவர் நகர அலுவலகத்தில் வேலையாள். சங்கிலியைச் சர்க்காரிடம் திருப்பிக் கொடுத்த பிறகும், முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று அவர் தோளில் கிடக்கும். சட்டை இல்லாமல் அவரைப் பார்த்திருக்கிறேன். கயிறு இல்லாமல் பார்த்ததில்லை.

எதைக் கண்டாலும் அளப்பார். சாப்பாட்டுக் கடையில் தோசை வாங்கினால் விரலால் அளந்துவிட்டு, நேற்றைய தோசை ஒரு விரற்கடை பெரிது என்று சண்டைக்குப் போவார். ஒரு கல்யாணத்தில் பந்தலை அளக்கக் கூப்பிட்டார்கள். மனிதர் பந்தலை அளந்த கையோடு பெண் மாப்பிள்ளையையும் அளந்துவிட்டார். "மாப்ளை ரெண்டு விரக்கடை கட்டை. மணையில இன்னொரு பலகை போடுங்க" என்று கூட்டத்தில் சத்தமாகச் சொன்னார். மாப்பிள்ளையின் தாய்மாமன் அடிக்க வந்ததும், ஓடுவதற்கு முன் அவரையும் ஒரு பார்வை அளந்தார் என்பார்கள். அந்தக் கடைசிச் செய்திக்கு நான் பொறுப்பல்ல.

நான் அப்போதுதான் அந்த அலுவலகத்தில் சின்னக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் தப்பில்லாமல் குப்பை கொட்டினால்தான் வேலை நிரந்தரம். நான் வாடகைக்கு எடுத்த வீட்டைப் பார்க்க வந்த சங்கிலி அண்ணன் வாசலில் நின்றபடியே சொன்னார்:

"ஸ்டேஷன் வாசல்லேருந்து ஆயிரத்து நூத்திப்பத்து முழம் தம்பி. கடைசித் திருப்பம் எடக்கைப் பக்கம்."

"இதை வெச்சு நான் என்னண்ணே செய்ய?"

"வெச்சிரு. பேரு மாறும். அளவு மாறாது."

எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு அப்போது பெயர் என்று ஒன்று கிடையாது, அதாவது ஒன்று மட்டும் கிடையாது. ஒரே தெரு பால் வாங்குகிறவளுக்கு மாட்டுக்காரர் தெரு, கடன்காரனுக்குப் பயந்தவனுக்குச் சேட்டு வீட்டுத் தெரு, ரிக்‌ஷாக்காரச் சீனருக்கு அவர் பாஷையில் வேறெதுவோ. விலாசம் கேட்டு வருகிறவன் மூன்று பேரிடம் கேட்டால் மூன்று ஊருக்குப் போய்ச் சேருவான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அலுவலகம் எட்டுத் தெருக்களுக்குப் பெயர் வைத்தது. எட்டு இரும்புத் தகட்டில் இங்கிலீஷில் எழுதி வரவழைத்தார்கள். ஒன்பதாவதாக ஒரு சந்து இருந்தது. அது வேலையாட்கள் குடியிருந்த லயத்துச் சந்து. சங்கிலி அண்ணன் வீடும் அங்கேதான். அதற்குத் தகடு வரவழைக்க யாருக்கும் தோன்றவில்லை. தகடுகளை மாட்டும் வேலை சங்கிலி அண்ணன் தலையில் விழுந்தது.

எங்கள் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். "தம்பி, நீர் கூடப் போய் எந்தத் தகடு எந்தத் தெருவுக்கெண்டு காட்ட வேணும்" என்று பட்டியலையும் வரைபடத்தையும் என்னிடம் கொடுத்தார். அன்றைக்குத் திடலில் பந்தாட்டம். நான் பட்டியலைச் சங்கிலி அண்ணன் கையில் திணித்தேன்.

"எல்லாம் வெளங்குமில்லண்ணே?"

"வெளங்கும், நீ போ தம்பி."

அவருக்கு இங்கிலீஷ் மட்டுமல்ல, தமிழும் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. ஆட்டத்தில் எங்கள் பக்கம் தோற்றது. அது எனக்கு வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் புறப்பட்டவன் முதல் திருப்பத்திலேயே நின்றுவிட்டேன். ஆற்றோரம், மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் பள்ளத்துத் தெருவில் 'ஹில் ரோடு' என்று தகடு பளபளத்தது. மேட்டின் உச்சியில், எங்கள் சூப்பரின்டெண்டென்ட் துரையின் பங்களாவுக்குப் போகும் பாதையில் 'ரிவர் ரோடு'. கள்ளுக்கடைத் தெருவில் 'ஸ்கூல் ரோடு'. மாடுகள் சாணி போட்டு மெழுகியிருந்த நீளமான தெருவில் 'சூப்பரின்டெண்டென்ட்ஸ் பங்களா ரோடு'. எனக்குத் தலை சுற்றியது. தெருக்களுக்குப் பெயர் வைத்த அலுவலகத்தின் கிராணியான நானே அன்று அரை மணி நேரம் வழி தவறி, தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

"என்னண்ணே இப்படிச் செஞ்சுட்டீங்க?"

"என்ன செஞ்சுட்டேன்? தெருவெல்லாம் கயிறு போட்டு அளந்தேன். நீளத் தெருவுக்கு நீளத் தகடு, குட்டைத் தெருவுக்குக் குட்டைத் தகடு. ஒரு விரக்கடை தப்பில்ல. மாத்தி மாட்டினா பார்க்க நல்லாவா இருக்கும்?"

உண்மையிலேயே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

உடனே போய்ப் பெரிய கிராணியிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் வேலை போய்விடும். எங்கள் அலுவலகத்தில் யாரும் நாற்காலியை விட்டு எழுந்து தெருவைப் பார்க்கிற வழக்கமில்லை என்ற தைரியத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று வாரம் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது? கள்ளுக்கடைக்குப் போகிறவர்கள் பெண்டாட்டியிடம், "இஸ்கோல் ரோடு வரைக்கும் போயிட்டு வரேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டுப் போனார்கள். கோழி முட்டைக்காரர் ரிவர் ரோடு என்று கேட்டு ஆற்றுக்குப் போய், அங்கே 'ஹில் ரோடு' தகட்டைக் கண்டு முட்டையோடு திரும்பினார். தபால்காரர் புதிய தகட்டைப் பார்ப்பதா பழைய பழக்கத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல், ஒருநாள் தகடு, ஒருநாள் பழக்கம் என்று முறை வைத்துக்கொண்டார்.

கடைசியில், துரை வீட்டு விருந்துக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், வெள்ளைக் கையுறையோடு, ரிக்‌ஷாவில் நேரே மாட்டுக்கொட்டகை வாசலில் போய் இறங்கினாள். மாட்டுக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, ஒரு செம்பு மோரும் கொடுத்தார்கள். துரைக்குத் தகவல் போனது. துரை பெரிய கிராணியைக் கூப்பிட்டார். பெரிய கிராணி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஆர் உனக்குத் தகட்டை இப்பிடி மாறிப் பூட்டச் சொன்னது? இந்தத் தம்பி கூட வந்தவரோ, இல்லையோ?"

சங்கிலி அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை.

"வந்தாருங்க ஐயா. சரியாத்தான் காட்டினாரு. நான்தான் மாத்தி மாட்டிட்டேன்."

"அப்ப நாளைக்குத் துரை வந்து பாக்கேக்கை எல்லாத்தையும் கழட்டிச் சரியாய்ப் பூட்டு. அதோடை உனக்கு இஞ்சை வேலை இல்லை."

வேலை போனால் லயத்து வீடும் போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும், "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"எனக்கு இன்னும் அஞ்சு வருஷ வேலை இருக்கு. ஒனக்கு முப்பது வருஷம். அளந்து பார்த்தேன் தம்பி, ஒன்னுதுதான் நீளம்."

மறுநாள் காலை துரை, பெரிய கிராணி, நான், ஏணியோடு சங்கிலி அண்ணன் என்று ஊர்வலமாகப் பள்ளத்துத் தெருவுக்குப் போனோம். ஏணியைச் சாய்த்ததுதான் தாமதம், எதிர்வீட்டு அஞ்சலையக்கா துடைப்பத்தோடு ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"தகட்டுல கை வச்சீங்க, நடக்கிறதே வேற! ஊர்ல எங்காத்தா படுத்த படுக்கையா கெடக்கு. ஹில் ரோடுன்னு வெலாசம் எழுதிக் காயிதம் போட்டாச்சு. பதிலு கப்பல்ல வந்துக்கிட்டிருக்கு. இப்ப பேரை மாத்தினா அது எந்த வீட்டுக்குப் போகும்? நீங்க சொல்லுங்க தொர!"

அதற்குள் தெருவே கூடிவிட்டது. மூன்று வாரத்தில் எல்லாரும் ஊருக்கு எழுதிவிட்டார்கள்! இவ்வளவு காலம் 'ரயில்வே ஸ்டேஷன் அருகில்' என்று எழுதி, பாதிக் கடிதத்தைத் தொலைத்த சனங்கள். முதல் தடவையாக ஒரு விலாசம் கிடைத்ததும் விடுவார்களா? மாட்டுக்காரர் தெருவிலிருந்து ஒருவர் மூச்சிரைக்க வந்தார். "சூப்பரின்டெண்டென்ட்ஸ் பங்களா ரோட்ல குடியிருக்கேன்னு எழுதித்தான் தொர, என் மவளுக்குக் கிள்ளான்ல சம்பந்தம் பேசி முடிச்சிருக்கேன். இப்ப மாத்தினா மாப்ள வீட்டார் என்னைப் பித்தலாட்டக்காரன்னு சொல்லமாட்டாங்களா?"

பெரிய கிராணி இதையெல்லாம் இங்கிலீஷில் சொன்னார். துரை தகட்டைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், துடைப்பத்தைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார். வரைபடம் பென்சிலில் இருக்கிறதா என்று கேட்டார். ஆம் என்றோம். தகடு மாட்டிய தூண்கள் சிமெண்டில்தானே நிற்கின்றன என்றார். அதற்கும் ஆம் என்றோம். அப்படியானால் அழிப்பதற்கு எது சுலபம் என்று கேட்டுவிட்டு, ரிவர் ரோட்டில் இருக்கும் தன் பங்களாவுக்கு மேடேறிப் போய்விட்டார்.

அன்று பகல் முழுக்க நான் ரப்பரை வைத்துக்கொண்டு வரைபடத்தை அழித்தேன். துரையே ஏற்றுக்கொண்டதைத் தப்பு என்று எப்படி எழுதுவது என்று பெரிய கிராணிக்கு விளங்கவில்லை. சங்கிலி அண்ணன் வேலை தப்பியது. நான் கூடப் போனதாக அவர் சொன்னது பொய் என்று இந்த நிமிஷம் வரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன். அஞ்சலையக்காவுக்குப் பதில் வந்தது, ஆத்தா பிழைத்துக்கொண்டாளாம்.

ஐந்து வருஷம் கழித்துச் சங்கிலி அண்ணன் ஊருக்குக் கப்பல் ஏறினார். "காயிதம் போடுங்கண்ணே" என்றேன். "எழுதத் தெரிஞ்சாத்தானே" என்று சிரித்தார்.

ஆனால் ஒரு வருஷத்தில் கடிதம் வந்தது. யாரையோ பிடித்து எழுதவைத்திருக்கிறார். தபால்காரர் வாசலில் வியர்த்து விறுவிறுத்து நின்று, வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டே உறையை நீட்டினார். அதில் என் பெயருக்குக் கீழே தெருப்பெயரே இல்லை. 'கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ், ஸ்டேஷன் வாசலிலிருந்து ஆயிரத்து நூற்றுப் பத்து முழம், கடைசித் திருப்பம் இடக்கைப் பக்கம்' என்று இருந்தது. உள்ளே நான்கே வரி. சௌக்கியமா, மழை உண்டா, வேலை நிரந்தரமா, அடுத்த காயிதம் பிறகு.

அதற்குப் பிறகு எனக்குச் சம்பளம் உயர்ந்தது. பங்சார் பக்கம் காற்றோட்டமான வீடு ஒன்று கிடைத்தது. இன்னும் இரண்டு நல்ல வீடுகளும் வந்தன. வீட்டுக்காரி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். நான் வீடு மாறவில்லை. அடுத்த காயிதம் இன்னும் வரவில்லையே.